இசக்கிமுத்துவின் இடது நுரையீரல்

"எக்கா, பின் அடிச்சா கேட்ல கத்துமா?"

கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில், அதில் பாதித் தண்ணீர். அவன் விலாவிலிருந்து இறங்கிய குழாய் அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. அவன் பேசினால், இருமினால், தண்ணீரில் குமிழி வந்து உடையும். இந்தக் கேள்விக்கும் நாலைந்து குமிழி வந்தது.

பெயர் இசக்கிமுத்து. சாத்தான்குளத்துப் பக்கம் ஏதோ ஓர் ஊர். அக்காவை 'எக்கா' என்று கூப்பிடுகிற ஊர்க்காரன். ஆள் நெட்டை, ஒல்லி. கால் இரண்டும் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் ஆபரேஷன் உள்ளவர்களை முதல் நாளே வார்டுக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். நான் தியேட்டர் நர்ஸ். முகமூடி போட்ட பிறகு என்னைப் பார்க்கிறவன் பயந்துபோவான், அதற்கு முன்னால் ஒரு தரம் மூஞ்சியைக் காட்டிவிடலாமே என்றுதான்.

"எந்தக் கேட்டுப்பா?" என்றேன்.

"கம்பெனி கேட்டுதான்க்கா. நெஞ்சுக்குள்ள பின் வைக்கப்போறதா டாக்டர் சொல்லுதாவ. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வாரப்ப மெஷின் கத்திட்டுன்னா நான் என்ன செய்வேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூச்சே முட்டிக்கினு கிடக்கிற, உனக்கு கேட்டு ஒரு கேடா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. வாலாஜாபாத்தில் பிறந்த வாய், இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தும் திருந்தவில்லை.

அவன் சிரிக்கவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓ.டி.

இந்தத் தொடரில் போன வாரம் எழுதினதைப் படித்துவிட்டு ஒரு தோழி போன் செய்து, "நீ பாட்டுக்கு ஓ.டி., ஓ.டி.னு எழுதிக்கினு போற, படிக்கிறவங்களுக்கு இன்னா புரியும்?" என்று சண்டைக்கு வந்தாள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் மற்ற எல்லாருக்கும் ஓ.டி. என்றால் ஓவர்டைம். எங்கள் ஆஸ்பத்திரியோ தண்டலத்தைத் தாண்டி, ஹைவேயை ஒட்டி இருந்தது. வருகிற ஆட்களில் முக்கால்வாசி கம்பெனிப் பையன்களும் பெண்களும்தான். அட்டெண்டர் வந்து "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு உனுக்கு ஓ.டி." என்று இசக்கியிடம் சொன்னபோது, பக்கத்தில் இருந்த அவன் ரூம்காரன் செல்வம் துள்ளி எழுந்தான். "ஏண்ணே, ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஓ.டி. பாக்கணுமா?"

வார்டே சிரித்தது. அன்றைக்கு இசக்கி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கொப்புளம்

அவனுக்கு வந்தது பெரிய வியாதி என்று சொல்ல முடியாது. வேகமாக நெட்டையாக வளர்கிற ஒல்லிப் பையன்கள் சில பேருக்கு நுரையீரலின் உச்சியில் சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கும். இருப்பதே தெரியாது. ஒருநாள் சும்மா இருக்கும்போதே அது உடையும். உள்ளே போகிற மூச்சுக்காற்று அந்த ஓட்டை வழியே நெஞ்சுக்கூட்டுக்குள் கசியும். காற்று சேரச் சேர நுரையீரல் சுருங்கிப்போகும்.

இசக்கிக்கு இடது பக்கம் இரண்டு முறை உடைந்துவிட்டது. முதல் முறை குழாய் போட்டுக் காற்றை எடுத்தார்கள், சரியாகிப் போனான். இரண்டாம் முறை கம்பெனியில் வேலை நடக்கிற லைனில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். இனிமேல் கொப்புளத்தை வெட்டி எடுக்காமல் விட்டால் மறுபடி மறுபடி வரும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

சர்ஜன் சென்னையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். நல்ல கை. கோபக்காரர். நானும் கோபக்காரி என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

நான் படித்த காலத்தில் நெஞ்சு ஆபரேஷன் என்றால் முதுகிலிருந்து மார்பு வரைக்கும் கிழிப்பார்கள். விலா எலும்பை இரும்புக் கருவி வைத்து விரிப்பார்கள். சில நேரம் எலும்பு முறியும், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நோயாளி மாசக்கணக்கில் இருமப் பயந்து, தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகுதான் இந்தச் சின்ன ஓட்டை ஆபரேஷன் வந்தது. விலா இடுக்கில் மூன்று ஓட்டை. ஒன்றில் கேமரா, மற்ற இரண்டில் கருவிகள்.

அதில் ராஜா ஸ்டேப்ளர்தான். நீளமான கழுத்து, நுனியில் முதலை வாய். அந்த வாய்க்குள் பின் அடுக்கிய சின்னப் பெட்டியை மாட்டிக் கொடுப்பது என் வேலை. சதையைக் கவ்வி அழுத்தினால் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகப் பின் இறங்கும், நடுவில் ஒரு கத்தி வெட்டிக்கொண்டே போகும். வெட்டுவதும் தைப்பதும் ஒரே நேரத்தில். ஒவ்வொரு பின்னும் இங்கிலீஷ் 'பி' எழுத்து மாதிரி மடங்கி உட்காரும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. இரும்பும் கிடையாது, டைட்டானியம். உடம்புக்குள் ஆயுசுக்கும் கிடக்கும், ஒன்றும் செய்யாது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு, "அதும் மெட்டல்தானக்கா?" என்றான்.

தங்கச்சி சொன்னது

என் தங்கை வசந்தி அதே கம்பெனியில்தான் இருந்தாள். செல்போனுக்குள் போகிற சின்ன போர்டுகள் செய்கிற கம்பெனி. நகத்தளவு சாமான், ஆனால் வெளியே அதற்கு விலை உண்டு. அதனால் கேட்டில் கெடுபிடி, உலோகம் கண்டால் கத்துகிற மெஷின்.

வீட்டுக்குப் போய் இசக்கியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னேன். வசந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனுக்கு இன்னா தெரியும்? நீ வந்து ஒருநாள் அந்த கேட்டாண்ட நின்னு பாரு. ஹேர்பின்னு கூடாது, மெட்டி கூடாது. புதுசா கல்யாணம் ஆனதுங்க தாலிய மஞ்சக் கயித்துல முடிஞ்சிக்கினு வருது. மெஷின் கத்திச்சுன்னா தனி ரூமுக்கு இட்டுக்கினு போவாங்க. எதுவும் இல்லன்னாலும் லைன்ல எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. நாலு வாட்டி கத்திச்சுன்னா அவ்ளோதான், காண்ட்ராக்ட்டு முடிஞ்சதும் வூட்டுக்குப் போன்னுடுவான்."

இசக்கி காண்ட்ராக்ட்டில் இருந்தவன். அவன் லைனில் சில பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். சூப்பர்வைசரே அவன் தோளைத் தட்டி, "உன் பேர் சொல்லிருக்கேன்டா" என்றிருக்கிறார். அந்தத் தட்டலை நம்பித்தான் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஊரில் அவன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் பையன் பர்மனென்ட் ஆகப்போகிறான் என்று சொல்லி வைத்திருந்தாளாம்.

மறுநாள் காலையில் தியேட்டருக்கு அழைத்துவரப் போன அட்டெண்டர் தனியாகத் திரும்பி வந்தார். பையன் வரமாட்டேன் என்கிறான்.

சர்ஜன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வார்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பின் வேண்டாம் சார்," என்றான் இசக்கி. "நூல் வச்சுத் தச்சுருங்க."

"நூல்ல தைக்கணும்னா நெஞ்சைப் பெருசாத் திறக்கணும்பா. எலும்பை விரிக்கணும். வலி தாங்க மாட்ட."

"தாங்குதேன் சார். பெருசாவே கிழிச்சுக்கிடுங்க."

சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் சர்ஜனைப் பார்த்தேன். ஊரெல்லாம் காயம் சின்னதாக இருக்காதா என்று சாமிக்கு நேர்ந்துகொண்டு வருகிறது. இவன் பெரிய காயம் கொடுங்கள் என்று கேட்கிறான். ஒரு இரும்புக் கேட்டுக்குப் பயந்து நெஞ்சை விரித்துக் காட்டுகிறான். முந்தின நாள் சிரித்ததை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஸ்பாஞ்சு

ஸ்டேப்ளர் விற்கிற கம்பெனி ஆள் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தபோது, மெத்தை ஸ்பாஞ்சில் பின் அடித்துக் காட்டியிருந்தார். அந்தத் துண்டு ஸ்டோர் அலமாரியில் கிடந்தது. ரோஸ் கலர் ஸ்பாஞ்சு, ஓரமெல்லாம் பின் வரிசை. ஆபரேஷனில் போகிற அளவுக்கு மேலேயே அதில் பின் இருந்தது.

அதைக் கொண்டுபோய் வசந்தி கையில் வைத்து, இதோடு கேட்டைத் தாண்டிக் காட்டு என்றேன்.

"இன்னாக்கா, எனுக்கு வேலை போணுமா?" என்று கத்தினாள்.

"போவாது. டாக்டரு சொல்றாரு, கத்தாதுன்னு."

"அப்போ டாக்டரையே எடுத்துக்கினு போவச் சொல்லு!"

கத்தினாளே ஒழிய, மறுநாள் அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான், முதலில் கத்துவோம், அப்புறம் செய்வோம். அன்று முழுக்க எனக்குத் தியேட்டரில் வேலையே ஓடவில்லை. ஒரு கருவி கேட்டால் வேறொன்றை எடுத்துக் கொடுக்கிறேன், திட்டு வாங்குகிறேன்.

சாயங்காலம் வசந்தி யூனிபாரமோடு நேராக வார்டுக்கு வந்தாள். இசக்கி கட்டிலுக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டித் திரும்பி, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஸ்பாஞ்சை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"உள்ள போசொல்ல ஒரு வாட்டி, வெளிய வரசொல்ல ஒரு வாட்டி. செக்யூரிட்டிப் பொம்பள கையில வச்சுக்கினு தடவுவாளே, அந்த மெஷினையும் நெஞ்சு மேலயே வச்சாளே. கம்முனு கீது. ஒரு சத்தம் இல்ல. போதுமா?"

இசக்கி அந்த ஸ்பாஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின் வரிசையை விரலால் தடவினான். "இம்புட்டுத்தானா?" என்றான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே செஞ்சுருங்கக்கா" என்றான்.

சர்ஜனிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. நம்பின பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

பஞ்சர் கடை வேலை

அந்த ஆபரேஷனை எப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

மயக்க டாக்டர் இடது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தினார். டி.வி.யில் பார்க்கிறோம், அது மெல்ல அடங்கி ஒதுங்குகிறது. உச்சியில் கொப்புளங்கள், ஒன்று பெரிசு, மூன்று நான்கு சின்னது. வெளிச்சம் பட்டு மினுங்கின.

"நீலம்," என்றார் சர்ஜன். பின் பெட்டிக்கு நிறம் உண்டு. சதை எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற உயரமுள்ள பின் வேண்டும். தடித்த சதைக்குக் குட்டைப் பின் போட்டால் மடங்காமல் பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய சதைக்கு நெட்டைப் பின் போட்டால் இறுகாமல் காற்று கசியும்.

நீலத்தை மாட்டிக் கொடுத்தேன். கொப்புளத்துக்குக் கீழே நல்ல இடமாகப் பார்த்துக் கவ்வினார். கவ்வினதும் அடித்துவிடக் கூடாது. நுரையீரல் பஞ்சு மாதிரி, உள்ளே காற்றும் ஈரமும் இருக்கும். அழுத்திப் பிடித்துக்கொண்டு அது வடிய நேரம் கொடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் கெடுத்துக்கொள்கிற இடம் இதுதான். எங்கள் சர்ஜன் எல்லாவற்றிலும் அவசரப்படுவார், இதில் மட்டும் சிலையாக நிற்பார். அப்புறம் அடித்தார். வரிசை சுத்தமாக உட்கார்ந்தது.

இரண்டாவது கடிக்கு ஸ்டேப்ளர் வாயை மூடும்போதே அவர் கைக்கு இறுக்கமாகத் தெரிந்தது. இரண்டு முறை சுருங்கி விரிந்ததில் அந்த இடம் தடித்துப்போயிருந்தது. எடுத்துவிட்டு, "பச்சை" என்றார், அது இன்னும் உயரமான பின். அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே என் கையில் பச்சைதான் இருந்தது.

வெட்டின துண்டை வெளியே எடுத்த பிறகு பரீட்சை. பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார்களே, அதேதான். நெஞ்சுக்குள் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, நுரையீரலுக்குக் காற்று கொடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தோம். இரண்டு வரிசையும் சேருகிற முனையில் ஒரே ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சர்ஜன் மறுபடி கவ்வினார், மறுபடி காத்திருந்தார், மறுபடி அடித்தார். மறுபடி தண்ணீர் ஊற்றினோம்.

ஒரு குமிழிகூட இல்லை.

நுரையீரல் ரோஜா நிறத்தில் விரிந்து வந்து, நெஞ்சுக்கூட்டை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அப்பாடா என்று மயக்க டாக்டர்தான் முதலில் சொன்னார்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். "இருமு" என்றேன். இருமினான். பாட்டில் தண்ணீர் அசையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

வாய்

இதோடு இந்த வாரத்தை முடித்திருந்தால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அவன் வேலைக்குத் திரும்பின அன்று சாயங்காலம் வசந்தி வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

"அந்த லூசு இன்னா பண்ணான் தெரியுமா?"

ஷிப்ட் முடிந்து ஆண்கள் வரிசையில் இசக்கி நின்றிருக்கிறான். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. ஸ்பாஞ்சு கத்தவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஸ்பாஞ்சு வேறு, நெஞ்சு வேறு என்று அந்த நேரத்தில் பயம் பிடித்துக்கொண்டுவிட்டது. கேட்டைத் தாண்டுவதற்கு ஓர் அடி முன்னால் நின்று, காவல்காரரைப் பார்த்து, "அண்ணே, எனக்கு நெஞ்சுக்குள்ள பின் இருக்கு. சத்தம் வந்தா தப்பா நெனச்சுக்கிடாதிய" என்று சொல்லியிருக்கிறான்.

தாண்டினான். மெஷின் கத்தவில்லை.

காவல்காரர் போ என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் பக்கத்தில் நின்றிருந்த செக்யூரிட்டி ஆபீசர் காதில் அது விழுந்துவிட்டது. நெஞ்சுக்குள் மெட்டலா? இரு, நில்லு. தனி ரூம். சட்டையைக் கழற்று. காயம் இருக்கிறது, சரி. ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிறது, சரி. ஆனால் ஆபீசர் வேறு கணக்குப் போட்டுவிட்டார்.

"இனிமே இவன் எதைத் தூக்கிக்கினு போசொல்ல மெஷின் கத்தினாலும், 'அது என் பின்னு'ன்னு சொல்லுவானாம். சாக்கு கைல வச்சிக்கினு இருக்கிறவன லைன்ல விட முடியாதாம்," என்றாள் வசந்தி. "அந்தாளு சொன்னதுல தப்பு கண்டுபிடிக்கவே முடியலக்கா. அதான் வயிறு எரியுது."

எனக்கும் அப்படித்தான் எரிந்தது. யார்மேல் கோபப்படுவது? வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா, பாவி! கத்தாத மெஷினுக்கு இவன் வாய் கொடுத்துவிட்டான்.

லைனிலிருந்து எடுத்து, கொஞ்ச நாள் வெளி கோடவுனில் அட்டைப்பெட்டி மடிக்க விட்டார்கள். பர்மனென்ட் ஆனவர்களில் அவன் பெயர் இல்லை. காண்ட்ராக்ட் முடிந்ததும், அடுத்த தரம் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"எடுத்துருங்க"

செக்கப்புக்கு வந்தான். இன்னும் இளைத்திருந்தான். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி சர்ஜன் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். இடது நுரையீரல் முழுக்க விரிந்திருந்தது. உச்சியில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு.

"பார், இதுதான் பின். சூப்பரா இருக்கு."

அவன் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தான்.

"சார், இதை எடுத்துருங்க."

"என்னது?"

"அதான் ஆறிட்டுன்னு சொல்லுதியளே. இனி அது எதுக்கு? எடுத்துட்டு, எடுத்தாச்சுன்னு எழுதிக் குடுங்க. நான் போயிக் காட்டி உள்ள சேந்துக்கிடுதேன்."

சர்ஜன் முதலில் விளக்கினார். சதை பின்னை மூடி வளர்ந்துவிட்டது, எடுக்க முடியாது, எடுத்தால் நுரையீரலே கிழியும். அவன் மறுபடி கேட்டான். சரி, எடுக்க வேண்டாம், எடுத்தாச்சு என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றான். சர்ஜனுக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் எழுதச் சொல்கிறாயா என்று சத்தம் போட்டார். பிறகு, சத்தம் போட்டதற்காக அவரே தணிந்து, அவனை உட்கார வைத்துப் பேசினார்.

"இங்க பார், வலது பக்கத்துலயும் சின்னதா ரெண்டு கொப்புளம் ஸ்கேன்ல தெரியுது. உடையாமலேயும் போகலாம். ஆனா நெஞ்சு குத்தினா, மூச்சு வாங்கினா, ஒரு நிமிஷம் நிக்காத. நேரா இங்க ஓடி வா. அந்தப் பக்கமும் இதே மாதிரி பண்ணிடலாம்."

"வேண்டாம் சார்," என்றான் இசக்கி. "இந்தப் பக்கமாவது சுத்தமா இருந்துட்டுப் போட்டும்."

வெளியே வராந்தாவில் அவனைப் பிடித்து நிறுத்தினேன். திட்டினேன், கெஞ்சினேன். வேலை இன்று போனால் நாளைக்கு ஒன்று கிடைக்கும், மூச்சு போனால் எந்தக் கேட்டில் போய் நிற்பாய் என்று கேட்டேன். தலையைத் தலையை ஆட்டினான். ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் சேரப்போவதாகச் சொன்னான். "அங்கயும் கேட் உண்டுக்கா. அங்க நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றான்.

வலது பக்கம்

செம்பரம்பாக்கம் ஏரி திறந்து ஊரே தண்ணீரில் நின்றதே, அந்த மழைக்கு ஓரிரு வருஷம் முன்னால் என்று நினைக்கிறேன். வெயில் காலம். மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்த நேரத்தில் காஷுவாலிட்டியில் ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள்.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். தலைமாட்டில் செல்வம். கால் இரண்டும் ஸ்ட்ரெச்சரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. முகம் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முந்தின நாளே குத்தியிருக்கிறது. வாய்வு என்று சொல்லி சோடா வாங்கிக் குடித்திருக்கிறான். காலையில் ஒரகடத்து வேலைக்குப் போகவில்லை. பென்னலூரில் இரண்டு பேரும் தங்கியிருந்த ரூமில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறான், படுக்க முடியவில்லை. செல்வம் எத்தனையோ தடவை ஆஸ்பத்திரி போவோம் என்று இழுத்திருக்கிறான்.

"வர மாட்டேன்னுட்டான்க்கா," என்று அழுதான் செல்வம். "'போனா இந்தப் பக்கமும் அடிச்சுருவாவ, அப்புறம் எங்கயுமே சேர முடியாது'ன்னான். கொஞ்ச நேரத்துல தானா சரியாவும்னான். உதடு நீலமாப் போனப்புறந்தான் தூக்கிட்டு வந்தேன்."

டியூட்டி டாக்டர் வலது மார்பில் ஊசியைக் குத்தினார். அடைபட்டிருந்த காற்று சீறிக்கொண்டு வந்தது. அவ்வளவு காற்று. இதயத்தை நெருக்கி நிறுத்தினது அதுதான். நான் நெஞ்சை அழுத்தினேன். கை ஓய்ந்தபோது இன்னொரு பெண் அழுத்தினாள், பிறகு மறுபடி நான். வாயில் குழாய் போட்டுப் பையால் காற்று கொடுத்தார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, "லெஃப்ட் சைடு நல்லா போகுது" என்றார்.

நல்லாத்தான் போகும். அதில் ஒரு குமிழிகூட விடாமல் அடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். இதயம் திரும்ப வரவில்லை. நிறுத்தச் சொன்ன பிறகும் நான் அழுத்திக்கொண்டிருந்தேனாம், இழுத்து விட்டார்கள்.

மறுநாள் ஊரிலிருந்து அவன் அம்மா வந்தாள். கூட ஒரு சொந்தக்காரர். நெட்டையான அம்மா. பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்போல. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபரேஷனில் கூட இருந்தவள் என்று சொன்னேன்.

"நீதான் எக்காவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல சொல்லுவான் தாயி. என்னாச்சு, அந்தப் பின்னு விட்டுட்டா?"

"இல்லம்மா. பின்னு விடல. அது இடது பக்கம். இது வலது பக்கத்துல வந்தது."

அவள் என் கையை விடாமல் கேட்டாள்.

"அப்போ பின் அடிச்ச பக்கம்?"

"அது நல்லா இருந்ததும்மா. கடைசி வரைக்கும் நல்லா இருந்தது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்போ இந்தப் பக்கமும் அதையே அடிச்சிருக்கப்படாதா தாயி? அவனா வேண்டாம்னு சொல்லப்போறான்?"